எபிசோட் 37: சிவந்த மலையும் சிவந்த தேமலும்

(ஒலிப்பதிவிலிருந்து வாசிப்புக்காகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)

போன மாசம் ஒரு நேயர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க. "அண்ணா, எனக்கு கன்னத்துல அப்பப்போ சிவந்து போகுது. என்னன்னு நெட்ல தேடினா வர்ற படம் எல்லாமே வெள்ளைக்காரங்க கன்னம். நம்ம கலர் தோல்ல அது எப்படி இருக்கும்னு ஒரு படம்கூட கிடைக்கல. ஏன்?" அப்படின்னு கேட்டிருந்தாங்க.

நல்ல கேள்வி. இதைத் தோண்டிக்கிட்டே போனேன். அது கடைசியில எங்க ஊர் திருவண்ணாமலையில வந்து நின்னுச்சு. அதனால இந்த வாரம் ஸ்கின்கேர் எபிசோட் இல்ல, வரலாறுதான். ஆனா ரெண்டும் ஒண்ணுக்குள்ள ஒண்ணுன்னு போகப் போகப் புரியும்.

முதல்ல அந்தக் கேள்விக்குப் பதில். தோல் சிவக்கிறதுன்னா பெரும்பாலும் தோலுக்குக் கீழ இருக்கற சின்னச் சின்ன ரத்தக் குழாய்கள் விரிஞ்சு, அங்க ரத்தம் கூடுதலா ஓடுதுன்னு அர்த்தம். டாக்டர்கள் இதை எரிதீமான்னு சொல்வாங்க. கிரேக்கச் சொல், சிவப்புன்னு பொருள். வெயில், காய்ச்சல், வெட்கம், காரமான பிரியாணி, எது வேணா காரணமா இருக்கலாம். அந்தச் சிவப்பை நாம மேல இருந்து பார்க்கிறோம். நடுவுல மெலனின்னு ஒரு ஃபில்டர் இருக்கு. வெள்ளைத் தோல்ல அந்த ஃபில்டர் ரொம்ப மெல்லிசு, சிவப்பு அப்படியே தெரியும். நம்ம தோல்ல அதே சிவப்பு செம்பு நிறமா, கத்தரிப்பூ நிறமா, சில சமயம் சும்மா கொஞ்சம் கறுத்த மாதிரி தெரியும். மருத்துவப் பாடப் புத்தகங்கள்ல பல காலமா இருந்த படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோல் படங்கள். அதைப் படிச்சவங்களும் சிவப்பைத் தேடினாங்க. நம்ம தோல்ல அது சிவப்பா இல்லாததால கண்ணுல படல.

நம்ம ஆட்கள் இதைக் கவனிக்காம இருந்தாங்கன்னு நினைக்காதீங்க. பேரைப் பாருங்க. திடீர்னு தடிச்சுச் சிவந்து, கொஞ்ச நேரத்துல மறையறது காணாக்கடி. ஏதோ கடிச்ச மாதிரி இருக்கும், கடிச்சது எதுன்னு தெரியாது. அலர்ஜிக்கு இதைவிட நல்ல பேர் வைக்க முடியாது. வட்ட வட்டமா, ஓரம் மட்டும் சிவந்து அரிக்கிறது படர்தாமரை. அது பூஞ்சைத் தொற்று. எரிச்சலோட ஒரு பக்கமா கொப்புளம் வரிசைகட்டினா அக்கி. அக்கிக்குக் குயவர் வீட்டுக்குப் போய், செங்காவியைக் குழைச்சு உடம்புல எழுதிக்கிற வழக்கம் இன்னும் நம்ம கிராமங்கள்ல இருக்கு. வைரஸுக்குக் காவி ஒண்ணும் பண்ணாது. ஆனா சிவந்த நோய்க்குச் சிவந்த மருந்துன்னு யாரோ யோசிச்சிருக்காங்க பாருங்க, அது எனக்குப் பிடிச்சிருக்கு.

ஒரு சின்ன டெஸ்ட் சொல்றேன். கண்ணாடி டம்ளரை எடுத்து, சிவந்த இடத்துல அழுத்திப் பாருங்க. நிறம் மங்கினா அது விரிஞ்ச ரத்தக் குழாய். மங்கவே இல்லன்னா ரத்தம் குழாயை விட்டு வெளிய கசிஞ்சிருக்கு, அது வேற கதை. காய்ச்சலோட அப்படி வந்தா யூடியூப் பார்க்காதீங்க, நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க.

இப்ப கதைக்கு வர்றேன். இத்தனை வகைச் சிவப்புல ஒண்ணே ஒண்ணு மட்டும் நம்ம சமூகத்துல ஆளையே ஊரை விட்டு வெளிய அனுப்பியிருக்கு. அரிக்காது, வலிக்காது, எரியாது. செம்பு நிறத்துலயோ வெளிறியோ ஒரு தேமல். அதைத் தொட்டா உணர்ச்சி இருக்காது. தொழுநோய்.

திருவண்ணாமலையில பிறந்து வளர்ந்த யாருக்கும் அருணகிரிநாதர் கதை தெரியும். 15-ம் நூற்றாண்டு, விஜயநகர அரசர் பிரபுடதேவராயர் காலம்னு சொல்றாங்க. ஊர்ல வழங்கற கதை இப்படி: இளமையில இன்பத்துக்கே அலைஞ்சார், சொத்தை அழிச்சார், உடம்பு முழுக்கப் பெருநோய் வந்துச்சு. கடைசியில அக்கா கேட்ட ஒரு கேள்வியில மனசு உடைஞ்சு, வல்லாள மகாராஜா கோபுரத்துல ஏறிக் குதிச்சார். முருகன் வந்து தாங்கிப் பிடிச்சார். நோயும் போச்சு, பாட்டும் வந்துச்சு, திருப்புகழ் கிடைச்சது. இன்னிக்கும் கோயிலுக்குப் போனா, கம்பத்து இளையனார் சன்னதியில தூண்ல முருகன் காட்சி கொடுத்த கதையையும் சேர்த்துச் சொல்வாங்க.

அருணகிரின்னாலே சிவந்த மலை. அருணம்னா வைகறைச் செம்மை, அருணாசலம்னா அசையாத செம்மலை. சிவந்த மலையோட பேரை வெச்சிருக்கற ஒரு கவிஞர், அவர் உடம்புல வந்த ஒரு தோல் நோய்.

அவருக்கு உண்மையிலேயே இன்னிக்கு நாம சொல்ற தொழுநோய்தான் இருந்துச்சான்னு கேட்டா, கதையை வெச்சு அப்படிச் சொல்ல முடியாது. காரணம், அந்தக் காலத்துச் சொல்லே ரொம்ப அகலம். சமஸ்கிருத மருத்துவ நூலான சரக சம்ஹிதை 'குஷ்டம்'னு 18 வகை சொல்லுது, ஏழு பெரிசு, பதினொண்ணு சிறிசு. நாம இன்னிக்கு சோரியாசிஸ், எக்ஸிமா, பூஞ்சைன்னு பிரிச்சுச் சொல்றதெல்லாம் அந்த ஒரே கூடைக்குள்ள கிடந்திருக்கும். ஒரே எரர் கோட், 18 வேற வேற பக். அதனால ஒருத்தருக்குக் குட்டம் வந்து குணமாச்சுன்னு பழைய கதையில வந்தா, வந்தது எதுன்னும் தெரியாது, குணமானது எதுன்னும் தெரியாது.

எனக்குக் கதையோட மருத்துவத்தைவிட அதோட ப்ளாட்தான் முக்கியமாப் படுது. இன்பம், தண்டனை, தோல். இதே ப்ளாட்டை வேற எங்கயாவது பார்த்திருக்கீங்களா? 1954-ல வந்த ரத்தக்கண்ணீர். எம்.ஆர்.ராதா. வெளிநாட்டுல படிச்சுட்டு வந்த மோகனசுந்தரம், மனைவியை விட்டுட்டு காந்தா வீட்டுக்குப் போறார், நோய் வருது, தெருவுக்கு வர்றார். சாமியைக் கிண்டல் பண்ற ஒரு நாத்திக நடிகர், பக்தி மரபுல இருந்த அதே முடிச்சைத்தான் போடுறார். பத்து வருஷம் கழிச்சு 1964-ல டி.எம்.சௌந்தரராஜன் நடிச்ச அருணகிரிநாதர் படமும் வந்துச்சு. பக்தியோ பகுத்தறிவோ, ரெண்டு பக்கமும் தேமலுக்குக் காரணம் ஒழுக்கம்தான். நம்ம தாத்தா பாட்டி தலைமுறையில பாதிப் பேர் தொழுநோயைப் பத்திக் கத்துக்கிட்டது இந்த ரெண்டு கதையில இருந்துதான்னு நான் நினைக்கிறேன். ராதாவோட நடிப்பு எவ்வளவு பெரிசோ, அது பண்ணின சேதமும் அவ்வளவு பெரிசு. இதைச் சொன்னா கமென்ட்ல அடிக்க வருவீங்க, தெரியும், பரவாயில்ல.

உண்மையான காரணம் ஒரு பாக்டீரியா. 1873-ல நார்வேயில பெர்கன் நகரத்துல கெர்ஹார்ட் ஆர்மவர் ஹான்சன் மைக்ரோஸ்கோப்ல பார்த்தார். ஒரு நோய்க்குக் காரணம் இந்தக் கிருமிதான்னு மனுஷன் கண்டுபிடிச்ச முதல் சில கேஸ்கள்ல இது ஒண்ணு. ரொம்ப விசித்திரமான கிருமி. நம்ம குடல்ல இருக்கற ஈ.கோலை வசதியான சூழல்ல 20 நிமிஷத்துல ரெண்டாகும். இது ரெண்டாக ரெண்டு வாரம் ஆகும். இதுவரைக்கும் செயற்கையா எந்த ஊடகத்துலயும் இதை வளர்க்க முடியல. உள்ள போய் அறிகுறி காட்ட சராசரியா அஞ்சு வருஷம், சில பேருக்கு இருபது வருஷம்கூட ஆகும். உடம்போட குளிர்ந்த இடங்கள்தான் அதுக்குப் பிடிக்கும்: தோல், காது மடல், மூக்கு, முழங்கை பக்கத்து நரம்பு. சிகிச்சை எடுக்காத ஒருத்தரோட ரொம்ப நாள் நெருங்கி இருந்தா மூச்சு வழியா பரவலாம். பெரும்பாலானவங்களுக்கு இயற்கையிலேயே எதிர்ப்பு இருக்கு, கிருமி வந்தாலும் நோய் வராது. தொட்டா ஒட்டிக்கிற நோயும் இல்ல, ஒழுக்கத்துக்கும் அதுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்ல.

இது எப்பவோ தெரிஞ்ச விஷயம். 1890-91-ல இந்தியாவுக்கு ஒரு தொழுநோய் கமிஷன் வந்துச்சு. அவங்க ஊர் ஊராப் போய்ப் பார்த்துட்டு, இது வேகமாத் தொற்றுற நோய் இல்ல, கட்டாயமாப் பிரிச்சு வைக்கத் தேவையில்லன்னு சொன்னாங்க. ரிப்போர்ட் வந்துச்சு. அப்புறம் என்ன பண்ணாங்க? 1898-ல ஒரு சட்டம் போட்டாங்க. பிச்சை எடுக்கற தொழுநோயாளியைப் போலீஸ் வாரன்ட் இல்லாமப் பிடிச்சு இல்லத்துல அடைக்கலாம். சாப்பாடு விக்கக் கூடாது, பொதுக் கிணத்துல தண்ணி எடுக்கக் கூடாது, வாடகை வண்டி ஓட்டக் கூடாதுன்னும் தடை போடலாம். பணக்காரருக்கு நோய் வந்தா? வீட்டுலயே இருக்கலாம். பிடிச்சு அடைக்கறது ஏழைத் தொழுநோயாளியை மட்டும்தான். கிருமிக்கு அந்த வித்தியாசம் தெரியாது, சட்டத்துக்கு நல்லாத் தெரிஞ்சிருந்துச்சு.

அந்தச் சட்டத்தை நாடாளுமன்றம் ரத்து பண்ணின வருஷம் 2016. நான் காலேஜ் படிச்சிட்டு இருந்தப்ப அது புத்தகத்துல இருந்திருக்கு! தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்து கேட்கலாம்ங்கற பிரிவு போனது 2019-ல.

மருந்துக் கதை நம்ம ஏரியாவைச் சுத்தியே நடந்திருக்கு. சித்த மருத்துவத்துல நீரடிமுத்து எண்ணெய் ரொம்ப காலமா பயன்பாட்டுல இருந்துச்சு. அதே குடும்பத்து மரங்களோட எண்ணெயை உலகம் முழுக்க ஊசியாப் போட்டுக்கிட்டு இருந்தாங்க, வலி உயிர் போகும், பலன் கொஞ்சம்தான். 1941-ல அமெரிக்காவுல கார்வில் ஆஸ்பத்திரியில சல்ஃபோன் மருந்து வேலை செய்யுதுன்னு தெரிஞ்சுது. 1940-களோட நடுவுல, செங்கல்பட்டு திருமணியில இருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் இல்லத்துல ராபர்ட் காக்ரேன்ங்கற டாக்டர் டாப்சோனை நம்ம ஆட்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். விலை மலிவான மருந்து. கிராமம் கிராமமாக் கொடுக்க முடியும்னு நம்பிக்கை வந்தது அதுக்கப்புறம்தான்.

1955-ல பெல்ஜியத்துல இருந்து வந்த டாக்டர் ஃபிரான்ஸ் ஹெமரிக்ஸ் மதுராந்தகம் பக்கத்துல பொலம்பாக்கத்துல மையம் ஆரம்பிச்சார். அவர் பாணி எளிமையானது. ஆஸ்பத்திரிக்கு வாங்கன்னு கூப்பிடல, ஜீப்ல மருந்தை ஏத்திக்கிட்டு ஊர் ஊராப் போய் மரத்தடியில உட்கார்ந்துட்டார். வாரம் ஒரு மரம். நோயாளி குடும்பத்தை விட்டுப் பிரியாம, வயல் வேலையை விடாம மருந்து வாங்கிட்டுப் போகலாம். அடைச்சு வைக்கணும்னு சட்டம் சொன்ன நாட்டுல, சுவரே இல்லாத ஆஸ்பத்திரி. இன்னிக்குத் திருவண்ணாமலை மாவட்டத்துல இருக்கற சேத்துப்பட்டிலயும் புனித தோமையார் மருத்துவமனை தொழுநோய்க்குப் பேர் போன இடம். எங்க ஊர்ப் பெரியவங்க சில பேர் 'சேத்துப்பட்டு ஆஸ்பத்திரி'ன்னாலே குரலைக் குறைச்சுத்தான் பேசுவாங்க.

இந்தப் பக்கம் வேலூர். 1946-ல சி.எம்.சி.க்கு வந்த பால் பிராண்ட் எலும்பு அறுவை டாக்டர். காக்ரேன் கூட்டிட்டுப் போய்ச் செங்கல்பட்டைக் காட்டினப்ப, மடங்கிப்போன கைகளைப் பார்த்து, இதுக்கு ஏன் யாருமே ஆபரேஷன் பண்ணலன்னு கேட்டார். அப்ப எல்லாரும் நம்பினது, தொழுநோய் வந்தா சதை அழுகி விரல் தானா விழும்னு. பிராண்ட் வருஷக்கணக்கா உட்கார்ந்து பார்த்தார். விரல் விழல. நரம்பு செத்ததால வலி தெரியல, அவ்வளவுதான். சூடான பாத்திரத்தைத் தொட்டா தெரியாது, ஆணி குத்தினா தெரியாது. ராத்திரி தூங்கும்போது எலி விரலைக் கடிக்கறதுகூடத் தெரியாம இருந்திருக்கு. அதுக்கு அவங்க கண்டுபிடிச்ச தீர்வு, வீட்டுக்குப் போற நோயாளிக்கு ஒரு பூனையைக் கொடுத்தனுப்புறது. இந்த எபிசோட்ல எனக்கு ரொம்பப் பிடிச்ச எஞ்சினியரிங் தீர்வு அதுதான்.

இப்ப மறுபடி சிவப்புக்கு வர்றேன். டாப்சோனை மட்டும் வருஷக்கணக்காக் கொடுத்ததுல கிருமி அதுக்குப் பழகிடுச்சு. 1981-ல உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைச்சது: டாப்சோன், ரிஃபாம்பிசின், க்ளோபாசிமின். இதுல ரிஃபாம்பிசின் சிறுநீரைச் சிவப்பா மாத்தும். க்ளோபாசிமின் இன்னும் ஒரு படி மேல. அது அடிப்படையில ஒரு சிவப்புச் சாயம். 1950-கள்ல அயர்லாந்துல வின்சென்ட் பேரியோட குழு காசநோய்க்காக உருவாக்கினது. அங்க சரியா எடுபடல, தொழுநோய்க்குப் பிரமாதமா வேலை செஞ்சுது. ஆனா அது தோல்ல தங்கும். சில மாசத்துல ஆள் செம்பழுப்பா மாறுவார், தேமல் இருந்த இடம் இன்னும் அடர்த்தியாத் தெரியும். மருந்தை நிறுத்தினா மெதுவா மாறும், அதுக்கு மாசக்கணக்கு, சிலருக்கு வருஷமும் ஆகும்.

யோசிச்சுப் பாருங்க. யாருக்கும் தெரியக் கூடாதுன்னு மறைச்சு வெச்சிருக்கற ஒரு நோய். அதைக் குணமாக்கற மருந்து முகத்துலயே எழுதிக் காட்டுது. நிறத்தை வெச்சே பொண்ணு பார்க்கற ஊர் இது. கல்யாணம் ஆகாத பொண்ணுக்கு அந்த மாத்திரையைக் கொடுத்தா வாங்கிட்டுப் போய்த் தூக்கிப் போட்டுடுவாங்கற பயம் களத்துல வேலை செஞ்சவங்களுக்கு எப்பவும் இருந்துச்சு. மருந்து ரசாயனமா நல்லா வேலை செய்யறது ஒண்ணு, அதை ஒரு மனுஷன் தினமும் முழுங்கறது வேற ஒண்ணு. நாங்க சாஃப்ட்வேர்ல இதை யூசர் அடாப்ஷன்னு சொல்லிட்டு, ஸ்லைடு போட்டுட்டுப் போயிடுவோம். இங்க அதுக்கு விலை ஒரு கை.

இன்னொரு சிவப்பும் இருக்கு. மருந்து கிருமியைக் கொல்லக் கொல்ல, நம்ம எதிர்ப்பு சக்தி திடீர்னு முழிச்சுக்கும். அமைதியா இருந்த தேமல் ஒரே நாள்ல சிவந்து வீங்கும், பக்கத்து நரம்பு வலிக்கும். இது முதல் வகை எதிர்வினை. ரெண்டாவது வகையில காய்ச்சலோட, தொட்டா வலிக்கிற சிவந்த கட்டிகள் உடம்புல கிளம்பும். பார்க்கறவங்க மருந்தால நோய் முத்திடுச்சுன்னு நினைச்சு மாத்திரையை நிறுத்திடுவாங்க. நிஜத்துல இது உடம்போட சொந்தப் படை பண்ற கலாட்டா, ஆனா சில நாள்லயே நரம்பைக் கொன்னுடும். உடனே ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்து அடக்கணும். சிகிச்சை முடிஞ்சு மாசக்கணக்கு ஆனப்புறமும் இது வரலாம்.

அந்த ரெண்டாவது வகைக்கு 1964-ல ஜெருசலேம்ல ஜேக்கப் ஷெஸ்கின்ங்கற டாக்டர், தூக்கமே இல்லாமத் தவிச்ச ஒரு நோயாளிக்குக் கையில இருந்த ஒரு பழைய தூக்க மாத்திரையைக் கொடுத்தார். நோயாளி தூங்கினார், கட்டிகளும் அடங்கிடுச்சு. அந்த மாத்திரை தாலிடோமைடு. ஆமா, கர்ப்பிணிகள் சாப்பிட்டு ஆயிரக்கணக்கான குழந்தைகள் கை கால் குறையோட பிறந்ததால உலகமே தடை பண்ணின அதே தாலிடோமைடு. இன்னிக்கும் கடுமையான கட்டுப்பாட்டோட அதைப் பயன்படுத்தறாங்க.

2005 டிசம்பர்ல இந்தியா தொழுநோயை ஒழிச்சுட்டோம்னு ஒரு இலக்கை எட்டினது. கவனமாக் கேளுங்க, இலக்கு பூஜ்யம் இல்ல. பத்தாயிரம் பேருக்கு ஒருத்தருக்குக் கீழ வந்தா 'பொது சுகாதாரப் பிரச்சினை' இல்லன்னு கணக்கு. தேசிய சராசரி. நல்ல சாதனைதான், ஆனா 'ஒழிப்பு'ங்கற சொல் தப்பான டாஷ்போர்டு. எல்லாரும் தேடறதைக் குறைச்சாங்க. வீடு வீடாப் போய்த் தேமல் பார்க்கறதுக்குன்னே இருந்த தனிப் பணியாளர் முறை பொதுச் சுகாதாரத் துறைக்குள்ள கரைஞ்சுடுச்சு. இன்னிக்கும் இந்தியாவுல வருஷத்துக்குச் சுமார் ஒரு லட்சம் புது நோயாளிகள் கண்டுபிடிக்கப்படறாங்க. உலகத்துல பாதிக்கு மேல நாம.

இங்கதான் அந்த வாய்ஸ் நோட் மாதிரி ஆட்கள் வர்றாங்க. 25 வயசு, ஐ.டி. வேலை, கையில ஒரு தேமல். மெடிக்கல் ஷாப்புல ஒரு ட்யூப் கேட்கறாங்க. ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் மூணும் கலந்த ஒரு க்ரீம் கிடைக்குது. சிவப்பு அடங்கும். படர்தாமரையா இருந்தா உள்ளுக்குள்ள பரவிட்டே இருக்கும். முகத்துல மாசக்கணக்காப் போட்டா தோல் மெலிஞ்சு, நிறுத்தின உடனே முன்னைவிட மோசமாச் சிவக்கும், பரு கிளம்பும். தொழுநோயா இருந்தா அடுத்த ஒரு வருஷம் டாக்டர்கிட்டயே போக மாட்டாங்க. ஏன்னா யாருக்கும் அந்தப் பேர் மனசுலயே வராது. டாக்டருக்கும் சில சமயம் வராது. அது பழைய சினிமாவுல வர்ற நோய், நம்ம ஆபீஸ்ல வராதுன்னு ஒரு நினைப்பு.

நேயருக்கு நேராச் சொல்லணும்னா: கன்னத்துல வந்து வந்து போற சிவப்பு பெரும்பாலும் வேற காரணம், தோல் டாக்டரைப் பாருங்க, பயப்படாதீங்க. ஆனா எங்கயாவது வெளிறியோ செம்பு நிறத்துலயோ ஒரு தேமல் மாசக்கணக்கா இருக்கு, அரிக்கல, அதுமேல பஞ்சை வெச்சு உரசினா பக்கத்துத் தோல்ல தெரியற மாதிரி தெரியல, இல்லன்னா சுண்டுவிரல் பக்கம் மரத்துப் போகுதுன்னா, அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்க. மருந்து இலவசம். ஆறு மாசம் இல்ல ஒரு வருஷம். முதல் டோஸ் ரிஃபாம்பிசின்லயே கிருமி கிட்டத்தட்ட எல்லாம் செத்துடும், அப்புறம் உங்ககிட்ட இருந்து யாருக்கும் பரவாது. செத்த நரம்பு மட்டும் திரும்பி வர்றது கஷ்டம், அதுக்குத்தான் இந்த அவசரம்.

கடைசியா ஒரு சின்ன விஷயம். எங்க ஊர் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். பௌர்ணமிக்கு லட்சக்கணக்கான பேர் செருப்பு இல்லாம நடப்பாங்க. முடிக்கும்போது எல்லார் பாதமும் சிவந்திருக்கும், எரியும், காலையில தூக்கி வெச்சுக்கிட்டு உட்காருவோம். உணர்ச்சி இல்லாத பாதத்துக்கு அந்த எரிச்சல் கிடையாது. அது நடந்துட்டே இருக்கும், புண் ஆகும், எலும்பு வரைக்கும் போகும். அந்தப் பாதங்களுக்காக வேலூர், காரிகிரி பக்கம் மெனக்கெட்டு வடிவமைச்சு, நம்ம ஊர்ச் செருப்புத் தொழிலாளிகள் கையால தைச்சுக் கொடுத்தது, நுண்ணறை ரப்பர் வெச்ச ஒரு மெத்துச் செருப்பு. அந்த ரப்பரோட பேர்தான் எம்.சி.ஆர். இன்னிக்கு உங்க ஏரியாவுல சுகர் பேஷன்ட்களுக்குன்னு எம்.சி.ஆர் செருப்பு விக்கற கடை கண்டிப்பா ஒண்ணு இருக்கும். உங்க அப்பாவோ பாட்டியோ அதைப் போட்டிருந்தா, ஒரு தடவை அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்க. இந்தக் கதையில வந்த ஆட்களுக்காகச் செஞ்ச செருப்பு அது.

அடுத்த வாரம் வேற ஊர், வேற கதை. வரட்டா.